யோசிக்கும் ஜாதி

சென்ற வாரம் நமது காரியாலயத்துக்கு ஒரு வாலிபரிடமிருந்து எட்டுப் பக்கத்தில் ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் பட்டதாரி. நமது பத்திரிகையை ஆறு வருஷமாய் வாசித்து வருபவர். கடவுள், சோதிடம், சடங்கு முதலியவைகளில் நம்பிக்கை அற்றவர். கையெழுத்து முத்து முத்தாய் இருந்தது. அவர் நம்மைக் கேட்டிருந்த கேள்விகள் மொத்தம் பதினேழு. பகுத்தறிவு சரியென்பதைப் பகுத்தறிவைக் கொண்டே எப்படி ருஜுப்படுத்துவது? மனிதனுக்குச் சுயேச்சை என்பதாக ஒன்று உண்டா? ஒரு காரியம் நல்லதென்று சொல்ல முடிவான அளவுகோல் எது? இவை போன்ற கேள்விகள். வாசிக்க வாசிக்க, இவ்வளவு படித்த ஒருவர் நமக்கும் ஒரு கடிதம் எழுதினாரே என்று சந்தோஷமாகவே இருந்தது.

ஆனால் ஏழாவது பக்கத்தின் அடியில், வேறொரு விஷயத்துக்கு நடுவே, போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தார். பிளஸ் டூவில் நல்ல மார்க்கு வாங்கி, நர்சிங் கல்லூரியில் இடமும் கிடைத்திருக்கும் தன் தங்கைக்கு, ஜாதகம் பொருந்திவிட்டதென்று வீட்டில் ஆவணியில் கல்யாணம் வைக்கப் போகிறார்களாம். தங்கை அழுது கொண்டிருக்கிறாளாம். இந்தக் கூச்சலில் தம்மால் அமைதியாய் உட்கார்ந்து யோசிக்க முடியவில்லையாம். “இதிலும் இரு பக்கமும் நியாயம் இருப்பதாகவே தோன்றுகிறது, இன்னும் ஆழமாய் யோசிக்க வேண்டும்” என்று முடித்து விட்டு, அடுத்த வரியிலேயே மறுபடியும் சுயேச்சை விசாரணைக்குப் போய்விட்டார்.

பதினேழு கேள்விகளுக்கும் பதில் எழுதவே நாம் உட்கார்ந்தோம். ஆனால் அந்த ஒரு வரியைத் தாண்டி நமது பேனா நகரவில்லை. அன்பரின் பெயரையும் ஊரையும் விட்டுவிட்டு, விஷயத்தை மாத்திரம் இங்கே எடுத்துக் கொள்ளுகிறோம். ஏனெனில் இது ஒருவருடைய வியாதி அல்ல. நம்மைச் சுற்றிலும், நமக்குள்ளேயுங்கூட, இப்படிப்பட்ட வாலிபர்கள் நாளுக்கு நாள் பெருகி வருகிறார்கள்.

தமது நிலைமைக்கு அவர் ஒரு காரணமும் சொல்லியிருக்கிறார். தாம் “உள்முக சுபாவமும் ஆராய்ச்சி புத்தியும் கொண்ட ரகம்” என்றும், செல்போனில் ஒரு பரீட்சை எழுதிப் பார்த்ததில் நான்கு ஆங்கில எழுத்துக்கள் தமக்குக் கிடைத்தன என்றும், அந்த ரகத்தார் யோசிப்பவர்களேயன்றிக் காரியத்தில் இறங்குபவர்கள் அல்லவென்றும் எழுதுகிறார். அதாவது மனித ஜாதி பதினாறு ரகமாம். அதில் இவர் ஒரு ரகமாம். அந்த ரகத்தின் தர்மம் யோசிப்பதாம்.

இதை வாசித்ததும் நமக்குச் சிரிப்பும் வந்தது, வருத்தமும் வந்தது. பன்னிரண்டு ராசியைப் பொய்யென்று தள்ளியவர் பதினாறு ராசியில் போய் விழுந்திருக்கிறாரே! நான்கு வருணம் புரட்டென்று நமது பத்திரிகையில் ஆறு வருஷம் வாசித்தவர், நான்கு எழுத்தைக் கழுத்தில் கட்டிக் கொண்டு, “நான் இந்த ஜாதி, ஆகையால் எனக்கு இந்தத் தொழில்தான்” என்கிறாரே!

இந்தப் பதினாறு ரகத்தின் பூர்வோத்தரத்தைக் கொஞ்சம் பார்ப்போம். சுவிட்ஸர்லாந்து தேசத்து மனோதத்துவ வைத்தியர் கார்ல் யுங் என்பவர் 1921ல் மனித சுபாவங்களைப் பற்றி ஒரு பெரிய புத்தகம் வெளியிட்டார். உள்முக சுபாவம், வெளிமுக சுபாவம் என்கிற பேச்சு உலகத்தில் பரவினது அதற்குப் பிறகுதான். அவர் தம் வைத்திய அனுபவத்திலிருந்து எழுதினாரே தவிர, ஆயிரம் பேரை அளந்து பார்த்து எழுதவில்லை. ஜாதகத்திலும் அவருக்குச் சிரத்தை உண்டு. கலியாணமான தம்பதிகளின் ஜாதகங்களைச் சேர்த்து வைத்துக் கொண்டு ஆராய்ந்து, 1952ல் அதைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரையே பிரசுரித்தார். அவருடைய சுபாவப் புத்தகத்தை வாசித்த அமெரிக்க மாது காதரின் பிரிக்ஸும், அவருடைய மகள் இஸபெல் பிரிக்ஸ் மையர்ஸும் சேர்ந்து, இரண்டாவது உலக யுத்த காலத்தில் கேள்வித் தாள் ஒன்று தயாரித்தார்கள். அதிலிருந்து கிளம்பியதுதான் இந்தப் பதினாறு ரகம்.

அந்தத் தாயும் மகளும் மனோதத்துவத்தைக் கல்லூரியில் படித்தவர்கள் அல்ல. அதை நாம் ஒரு குற்றமாகச் சொல்லவில்லை. நாமும் கல்லூரிப் படி மிதித்தவர்கள் அல்ல. சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டிக் கொண்டே படித்தவர்கள். யார் சொன்னார் என்பது நமக்குக் கேள்வியே அல்ல. சொன்னது சோதனைக்கு நின்றதா என்பதுதான் கேள்வி. அந்தப் பரீட்சையை எழுதியவரைச் சில வாரம் கழித்து மறுபடியும் எழுதச் சொன்னால், கணிசமானவர்களுக்கு வேறு எழுத்துச் சேர்க்கை வந்து விடுகிறது. மூன்றாம் மாதமே மாறிப் போகிற ஜென்ம நட்சத்திரம் உண்டா? அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் கவுன்ஸில் நியமித்த ஒரு கமிட்டி, தொழில் ஆலோசனைக்கு இதை உபயோகிக்கலாமென்று சொல்லத் தகுந்த ஆராய்ச்சி ஆதாரம் போதவில்லை என்று 1991லேயே கூறிவிட்டது. ஆயினும் கம்பெனிகள் காசு கொடுத்து வாங்கிக் கொண்டிருக்கின்றன. வாலிபர்கள் இனாமாய் எழுதிக் கொண்டிருக்கிறார்கள்.

இதிலுள்ள அடிப்படைத் தப்பிதம் ஒரு குழந்தைக்கும் விளங்கக் கூடியது. ஊரிலுள்ள ஆண்களை வரிசையாய் நிறுத்தி உயரத்தை அளந்தால், மிகவும் குட்டை சிலர், மிகவும் நெட்டை சிலர், நடுத்தரம் பெரும்பாலோர் என்றுதான் இருக்கும். ஐந்தடி ஐந்து அங்குலத்தில் ஒரு கோடு கிழித்து, அதற்கு மேலே நெட்டை ஜாதி, கீழே குட்டை ஜாதி என்று பிரித்தால், கோட்டுக்கு ஒரு நூல் மேலே இருப்பவனும் ஒரு நூல் கீழே இருப்பவனும் வேறு வேறு ஜாதியாகி விடுவார்கள். கூச்ச சுபாவமும் கலகலப்பும் இப்படித்தான். ஜனங்களில் பெரும்பாலோர் நடுவில் இருப்பவர்களே. வீட்டில் ஊமையாய் இருப்பவன் சீட்டு ஆட்டத்தில் சிங்கமாய் இருக்கிறான். மேடையில் கர்ஜிப்பவன் மாமியார் வீட்டில் பூனையாய் இருக்கிறான். இவர்களை எந்தப் பெட்டியில் அடைப்பது?

“அப்படியானால் எனக்குக் கிடைத்த பலன் எனக்கு அச்சாகப் பொருந்துகிறதே, அதெப்படி?” என்று கேட்கலாம். அதற்கும் பதில் இருக்கிறது. 1948ல் அமெரிக்க மனோதத்துவ ஆசிரியர் பெர்ட்ராம் ஃபோரர் தமது மாணவர்கள் 39 பேருக்கு ஒரு பரீட்சை வைத்தார். ஒரு வாரம் கழித்து, “உங்களுடைய குணத்தை ஆராய்ந்து தனித்தனியே எழுதியிருக்கிறேன்” என்று சொல்லி ஒவ்வொருவரிடமும் ஒரு காகிதம் கொடுத்து, எவ்வளவு தூரம் பொருந்துகிறது என்று ஐந்துக்கு மார்க்குப் போடச் சொன்னார். சராசரி 4.26 மார்க்கு கிடைத்தது. பிறகுதான் சங்கதி வெளிப்பட்டது. 39 பேருக்கும் கொடுத்தது ஒரே காகிதம். அதிலிருந்த வாக்கியங்களும் கடைத் தெருவில் விற்கிற சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தவை! வெளியே தைரியமாய் இருந்தாலும் உள்ளே கவலைப்படுகிறவர், உபயோகப்படுத்தாத திறமை உமக்கு நிறைய உண்டு என்கிற மாதிரியான பேச்சுக்கள். இவை யாருக்குத்தான் பொருந்தாது? நம் ஊர்க் கிளி ஜோசியர் ஒவ்வொரு நாளும் செய்கிற வேலையை அந்த ஆசிரியர் ஒரு தடவை செய்து காட்டி, அதன் குட்டையும் தாமே உடைத்தார்.

நிற்க, ஒரு விஷயத்தைத் தெளிவாய்ச் சொல்லி விடுகிறோம். தனிமையை விரும்புவதும், அதிகம் பேசாமலிருப்பதும், ஒரு விஷயத்தை நெடுநாள் ஆராய்வதும் குற்றம் என்று நாம் சொல்ல வரவில்லை. பேசிப் பேசியே ஊரைக் கெடுத்தவர்களை நாம் பார்த்திருக்கிறோம். கூச்ச சுபாவமுடையவர்கள் உலகத்துக்குச் செய்த உபகாரம் கொஞ்சமல்ல. இங்கிலாந்தின் ஹென்றி காவெண்டிஷ் என்பவரைப் போலக் கூச்சமுடைய மனிதர் அபூர்வம். வீட்டு வேலைக்காரப் பெண்களிடம் வாய் திறந்து பேசவும் கூசி, துண்டுக் காகிதத்தில் எழுதி வைப்பாராம். அப்பேர்ப்பட்டவர்தான் 1797, 1798ம் வருஷங்களில் ஈயக் குண்டுகளைக் கம்பியில் தொங்கவிட்டுப் பூமியின் அடர்த்தியை அளந்து சொன்னார். டார்வின் 1838ல் தோன்றிய எண்ணத்தை 1859ல்தான் புத்தகமாக்கினார். இடையிலிருந்த இருபது வருஷத்தை அவர் மோட்டு வளையைப் பார்த்துக் கழிக்கவில்லை. கடற்பாறையில் ஒட்டுகிற சிறு ஜந்துக்களை எட்டு வருஷம் அறுத்துப் பார்த்தார். புறா வளர்த்தார். விதைகளை உப்புத் தண்ணீரில் ஊறப் போட்டு எடுத்து, முளைக்கிறதா என்று பார்த்தார். இவர்களுடைய யோசனைக்குக் கையும் காலும் இருந்தன. நம் அன்பருடைய யோசனைக்கு நாற்காலி மாத்திரம் இருக்கிறது.

காவெண்டிஷிடமும் ஒரு குறை சொல்லத்தான் வேண்டும். மின்சாரத்தைப் பற்றி அவர் கண்டுபிடித்த அநேக உண்மைகளை அவர் வெளியிடவேயில்லை. காகிதங்கள் பெட்டியில் கிடந்தன. 1810ல் அவர் காலமானார். பிற்பாடு மாக்ஸ்வெல் என்கிற விஞ்ஞானி அவைகளைப் பரிசீலித்து 1879ல் அச்சிட்ட போதுதான், பிரான்சில் கூலோமும் ஜெர்மனியில் ஓமும் பாடுபட்டுக் கண்டுபிடித்ததை இவர் அவர்களுக்கு முன்பே கண்டிருந்தாரென்று உலகத்துக்குத் தெரிந்தது. தெரிந்தும் லாபம் என்ன? அதற்குள் மற்றவர்கள் அதே வேலையை அடியிலிருந்து செய்து முடித்து விட்டார்கள். பெட்டிக்குள் பூட்டிய அறிவு ஊருக்கு உதவவில்லை. மகா மேதையினுடைய அறிவுக்கே இந்தக் கதியென்றால், நமது மூளையில் பூட்டி வைத்திருக்கும் அறிவைப் பற்றிச் சொல்ல வேண்டுமா?

இனி, ஓயாத யோசனை என்பது யோசனையே தானா என்று பார்ப்போம். யோசனை என்றால் ஒரு கேள்வியில் தொடங்கி ஒரு முடிவுக்கு வருவது. செக்கு மாடும் நடக்கிறது; நாள் முழுவதும் நடந்து சாயங்காலம் அதே இடத்தில் நிற்கிறது. அதைப் பிரயாணம் என்பார் உண்டா? அமெரிக்காவில் சூஸன் நோலன் ஹோக்ஸீமா என்ற அம்மையார் இதை ஆயுள் முழுவதும் ஆராய்ந்தார். 1989 அக்டோபரில் கலிபோர்னியாவில் பெரிய பூகம்பம் ஒன்று உண்டாயிற்று. அதற்குச் சிறிது நாள் முன்பே அவர் மாணவர்களுடைய மனப் போக்கை விசாரித்து எழுதி வைத்திருந்தார். கஷ்டம் வந்தால் அதையே திரும்பத் திரும்ப நினைத்து அசை போடும் வழக்கமுள்ளவர்கள்தான், பூகம்பத்துக்குப் பின்பு அதிகமாய் மனச் சோர்வுக்கு ஆளானார்கள் என்று அவர் கண்டார். பின்னர், 1995ல் வெளியான ஒரு ஆராய்ச்சியில், மனம் சோர்ந்திருந்தவர்களில் ஒரு பகுதியாரை எட்டு நிமிஷம் தங்களைப் பற்றியே சிந்திக்கச் சொல்லியும், மற்றொரு பகுதியாரை எட்டு நிமிஷம் வேறு விஷயத்தில் கவனத்தைத் திருப்பச் சொல்லியும், பிறகு இரு பகுதியாருக்கும் வாழ்க்கைச் சிக்கல்கள் சிலவற்றைக் கொடுத்து வழி கேட்டார்கள். தங்களைப் பற்றியே சிந்தித்தவர்கள் சொன்ன வழிகள்தான் மட்டமாயிருந்தன. எட்டு நிமிஷ அசை போடுதலுக்கே இந்தப் பலன் என்றால், எட்டு வருஷத்துக்கு என்ன பலன் என்று வாசகர்களே கணக்குப் போட்டுக் கொள்ளலாம்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். ராத்திரி தூக்கமின்றி, சாப்பாடு வேண்டாமல், வேண்டாமென்றாலும் விடாமல் ஒரே நினைப்பு வந்து வதைப்பவர்கள் சிலருண்டு. அது சோம்பேறித்தனமும் அல்ல, போலித்தனமும் அல்ல, அது வியாதி. காய்ச்சல்காரனை ஓடச் சொல்லுவது எப்படி மடத்தனமோ, அப்படியே இவர்களைத் திட்டுவதும் மடத்தனம். இவர்கள் மன நோய் வைத்தியரிடம் வெட்கப்படாமல் போக வேண்டும். வீட்டார் வேப்பிலை அடிக்கிறவனிடம் கொண்டு போகாமலிருக்க வேண்டும். நாம் கண்டிப்பது, நன்றாய்ச் சாப்பிட்டு, நன்றாய்த் தூங்கி எழுந்து, காரியம் செய்ய வேண்டிய நேரத்தில் மாத்திரம் யோசனை வந்து விடுகிறவர்களைத்தான்.

இவர்களுக்கு இன்னொரு போதையும் உண்டு. தாங்கள் மற்றவர்களைவிட ஆழமானவர்கள் என்கிற போதை. விளங்காமல் பேசினால் ஆழம், விளங்கும்படி பேசினால் மேலெழுந்தவாரி என்று எண்ணுகிறார்கள். அந்தக் காலத்தில் புராணிகர் ஒருவர் புரியாத சுலோகத்தைச் சொல்லித் தலையை ஆட்டினார், கேட்டவனும் ஆட்டினான். இந்தக் காலத்தில் சுலோகம் போய், ஐரோப்பிய தத்துவ ஞானிகளின் பெயர்கள் வந்திருக்கின்றன. தலை ஆட்டம் மாத்திரம் மாறவில்லை. 1996ல் நியூயார்க்கு பௌதிக ஆசிரியர் ஆலன் ஸோக்கல், பெரிய பெரிய வார்த்தைகளையும் மேற்கோள்களையும் அடுக்கி, அர்த்தமற்ற ஒரு கட்டுரையை வேண்டுமென்றே தயாரித்து, ‘ஸோஷியல் டெக்ஸ்ட்’ என்னும் பண்டிதப் பத்திரிகைக்கு அனுப்பினார். பிரசுரமாகிவிட்டது! பிறகு அவரே இது கேலிக்கு எழுதியதென்று வெளியிட்டார். மெத்தப் படித்த பத்திராதிபர்களே ஏமாந்தார்களென்றால், புரியாத பேச்சுக்கு உள்ள மவுசு எவ்வளவென்று தெரிந்து கொள்ளலாம்.

மெய்யான அறிவையும் போலி அறிவையும் பிரித்தறிய நமக்குத் தெரிந்த உரைகல் ஒன்று உண்டு. நாம் வேலை பார்த்த சைக்கிள் கடை முதலாளி, புதிதாய் வேலை கேட்டு வரும் பையனிடம் ஒரு சாக்குக் கட்டியைக் கொடுத்து, “தரையில் ஒரு சைக்கிள் போடுடா” என்பார். தினம் சைக்கிளில் வருகிறவன்தான். ஆனாலும் பலர் செயினைக் கொண்டு போய் முன் சக்கரத்தில் மாட்டி விடுவார்கள். “அப்படி மாட்டினால் ஹேண்டில் எப்படியடா திரும்பும்?” என்று கேட்டு அவர் சிரிப்பார். இதையே 2006ல் இங்கிலாந்தில் ரெபெக்கா லாஸன் என்கிற அம்மையார் ஒரு ஆராய்ச்சியாகவே செய்து, அநேகர் செயினையும் பெடலையும் தப்பான இடத்தில் போடுவதைக் காட்டினார். அதற்கு முன், 2002ல் அமெரிக்காவில் இருவர், ஜிப், பூட்டு முதலிய சாமான்கள் எப்படி வேலை செய்கின்றன என்பது எவ்வளவு தெரியும் என்று ஜனங்களிடம் மார்க்குக் கேட்டார்கள். ஜனங்கள் தாராளமாய் மார்க்குப் போட்டுக் கொண்டார்கள். “சரி, விளக்கி எழுதுங்கள்” என்றவுடன், அவர்களே தங்கள் மார்க்கைக் குறைத்துக் கொண்டார்கள்.

ஆகவே, நமது வாலிபர்கள் ஒரு புத்தகத்தை வாசித்து முடித்தவுடன், அதன் விஷயத்தை ஒரு பஞ்சர் கடைப் பையனுக்கோ, தங்கள் பாட்டிக்கோ விளங்கும்படி சொல்லிப் பார்க்கட்டும். சொல்ல முடிந்தால் அது அவர்களுடைய அறிவு. முடியாவிட்டால் அது இன்னும் புத்தகத்தினுடைய அறிவுதான். இவர்கள் சுமை கூலி மாத்திரமே. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் பாட்டிமார் சும்மா சொல்லவில்லை.

“முழுவதும் தெரியாமல் எப்படி ஒரு காரியத்தில் இறங்குவது?” என்பது இவர்களுடைய கடைசிக் கோட்டை. 1854ல் லண்டனில் ஸோஹோ என்கிற பகுதியில் காலரா வந்து, பத்து நாளைக்குள் ஐந்நூறு பேருக்கு மேல் மாண்டார்கள். கெட்ட காற்றினால் வருகிறதென்பது அக்காலத்து வைத்தியப் பண்டிதர்களுடைய கொள்கை. ஜான் ஸ்நோ என்கிற வைத்தியர் வீடு வீடாய் விசாரித்து, செத்தவர்களில் பெரும்பாலோர் பிராட் தெருக் குழாயில் தண்ணீர் எடுத்தவர்கள் என்று கண்டு, ஊர் நிர்வாகிகளிடம் போய்ச் சொன்னார். செப்டம்பர் 8ந் தேதி அந்தப் பம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள். அதற்குள் நோய் தணிய ஆரம்பித்திருந்தது என்பதையும் ஸ்நோ ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். காலராக் கிருமி இன்னதென்று ஜெர்மானியர் கோக் உலகத்துக்கு நிரூபித்துக் காட்டியதோ 1884ல். அதாவது முப்பது வருஷம் பொறுத்து. கிருமியைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கைப்பிடியில் கை வைப்பேன் என்று ஸ்நோ உட்கார்ந்திருந்தால், அவரை ஆழ்ந்த சிந்தனையாளர் என்று யாராவது சொல்லுவார்களா? கையில் இருக்கிற ஆதாரம் எவ்வளவோ அவ்வளவுக்குக் காரியம் செய். தப்பென்று தெரிந்தால் திருத்திக் கொள். பகுத்தறிவு என்பதற்கு இதைத் தவிர வேறு அர்த்தம் நமக்குத் தெரியாது.

இவ்வளவும் எழுதுகிற நாம் சுத்த வீரர்கள் என்று யாரும் நினைத்து விட வேண்டாம். அந்தச் சைக்கிள் கடையில் நாம் இருந்த காலத்தில், எதிரிலிருந்த டீக்கடையில் நம்மோடு வேலை செய்த ஒரு தோழருக்கு மாத்திரம் தனி டம்ளர் வைத்திருந்தார்கள். நாம் அப்போது ஜாதி ஒழிப்பைப் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் வாசித்துக் கொண்டிருந்தோம். டீக்கடைக்காரர் என்ன சொன்னால் என்ன பதில் சொல்லுவது என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதியும் வைத்தோம். ஒரு மாதம் ஆயிற்று. நோட்டு நிரம்பிற்றேயல்லாமல், தோழருடைய டம்ளர் மாறவில்லை. ஒருநாள் இது நமது முதலாளி காதில் விழுந்தது. அவர் தட்டுத் தடுமாறித்தான் எழுத்துக் கூட்டுவார். அன்றைக்கே அந்தக் கடைக்குப் போய், “என் பையன்கள் எல்லோருக்கும் ஒரே டம்ளர், இல்லையென்றால் நாளையிலிருந்து ஒருவனும் வரமாட்டான்” என்று இரண்டே வார்த்தை சொன்னார். மறுநாள் எல்லோருக்கும் ஒரே டம்ளர் வந்தது. நமது நோட்டுப் புத்தகம் இன்றைக்கும் நம்மிடத்தில் இருக்கிறது. எடுத்துப் பார்க்கும் போதெல்லாம் வெட்கமாய் இருக்கிறது. அதில் எழுதிய வாதங்களில் ஒன்றும் தப்பில்லை. அந்த ஒரு மாதமும் தனி டம்ளரில் குடித்தவர் நாமல்ல, அதுதான் தப்பு.

இந்த விஷயத்தின் ஆணிவேர் இங்கேதான் இருக்கிறது. யோசித்துக் கொண்டேயிருக்க யாருக்கு முடிகிறது? அடி யாருடைய முதுகில் விழுகிறதோ அவர்களுக்கு முடிவதில்லை. பக்கத்தில் நிற்பவர்களுக்குத்தான் முடிகிறது. நம் அன்பருக்கு மூன்று வேளை சோறு வருகிறது. படிக்கத் தனி அறை இருக்கிறது. ஆண் பிள்ளை என்பதால் அவர் படிப்பை யாரும் நிறுத்தவில்லை. ஆகவே அவர் “இரு பக்கமும் நியாயம்” என்று சொல்லிக் கொண்டிருக்கலாம். அந்தப் பெண்ணுக்கோ ஆவணி வந்து கொண்டிருக்கிறது. கல்லூரிச் சம்பளம் கட்டும் தேதியும் வந்து கொண்டிருக்கிறது. இவர் முடிவு செய்யாமலிருப்பதாய் நினைக்கிறார். இல்லை, முடிவு செய்தாகிவிட்டது. வாய் திறக்காதவனுடைய ஓட்டு, நடக்கிற பக்கத்துக்கே போய்ச் சேருகிறது.

இரு பக்கமும் நியாயம் என்கிறாரே, அந்த இரண்டையும் எடுத்து வைத்துத்தான் பார்ப்போமே. ஒரு பக்கம், படிக்க வேண்டுமென்று ஆசைப்பட்டுப் பரீட்சையில் தேறி இடமும் வாங்கின ஒரு பெண். மற்றொரு பக்கம், கட்டம் போட்ட ஒரு காகிதம். அந்தக் காகிதம் பொய்யென்று நமக்கு எட்டுப் பக்கம் எழுதிக் காட்டக் கூடியவர் இவர். பெற்றோருக்குப் பணக் கஷ்டம் என்றால் அது பேசித் தீர்க்க வேண்டிய விஷயம். எவ்வளவு வேண்டும், எங்கே கடனோ உதவியோ கிடைக்கும், இவர் சம்பாதித்து எவ்வளவு கொடுப்பார் என்று கணக்குப் போட வேண்டிய விஷயம். ஊர் பேசும் என்றால், ஊர் எப்போதும் பேசிக் கொண்டுதான் இருக்கிறது. இதில் ஐரோப்பிய தத்துவம் எங்கே தேவைப்படுகிறது?

ஆகையால் தோழரே, உங்கள் பதினேழு கேள்விகளுக்கும் இப்போது நாம் பதில் எழுதப் போவதில்லை. அவை நல்ல கேள்விகள். ஓடிப் போகிறவை அல்ல. அவைகளை நூற்றாண்டுக் கணக்காய் உலகம் கேட்டுக் கொண்டிருக்கிறது. இன்னும் ஒரு மாதம் காத்திருந்தால் அவை கெட்டுப் போகா. உங்கள் தங்கையின் விஷயம் அப்படியல்ல. இந்தப் பத்திரிகை உங்கள் கைக்கு வந்த அன்று இரவே, முதலில் தங்கையிடம் போய், “உனக்கு என்ன வேண்டும்?” என்று கேளுங்கள். நீங்கள் எழுதின எட்டுப் பக்கத்தில், அவளை யாராவது கேட்டார்களா என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. அவள் படிக்க வேண்டுமென்று சொன்னால், அவளையும் அழைத்துக் கொண்டு போய் அப்பா அம்மாவிடம் உட்காருங்கள். உங்களுக்குக் கை நடுங்கும், நாக்குக் குழறும். பரவாயில்லை, இரண்டே வார்த்தை போதும். நமது முதலாளி அதிகம் பேசவில்லை. ஜாதகத்தை நம்பாதவன் என்று இதுவரையில் காகிதத்தில் மாத்திரம் இருந்தீர்கள்; ஒரு தடவை கூடத்திலும் இருந்து பாருங்கள். ஒரு நாளில் முடியாவிட்டால் மறுநாளும் பேசுங்கள். உங்களுக்குத் துணை வேண்டுமென்றால் எழுதுங்கள்; உங்கள் ஊருக்குப் பக்கத்திலுள்ள தோழர்கள் வருவார்கள், நாமும் வருகிறோம்.

மற்ற வாசகத் தோழர்களுக்கும் சொல்லுகிறோம். நமது பத்திரிகையை வாசித்து முடித்து, “நன்றாய் எழுதியிருக்கிறான்” என்று மடித்து வைத்து விட்டு, வீட்டில் நடக்கிற காரியத்துக்கு வாய் மூடி இருப்பவர்களுடைய சந்தாவைக் கொண்டு நாம் பத்திரிகை நடத்த ஆசைப்படவில்லை. யோசியுங்கள், நன்றாய் யோசியுங்கள், ஆனால் எப்போது முடிப்பதென்று ஒரு தேதி வைத்துக் கொண்டு யோசியுங்கள். நான்கு எழுத்தோ, நட்சத்திரமோ, சுபாவமோ உங்களுக்காக முடிவு செய்ய விடாதீர்கள்.

அன்பரின் அடுத்த கடிதத்தை எதிர்பார்க்கிறோம். அது எட்டுப் பக்கம் வேண்டியதில்லை. தங்கை கல்லூரியில் சேர்ந்து விட்டாள் என்று ஒரு வரி எழுதினால், அதற்குப் பிறகு பதினேழு கேள்விகளையும் ஒவ்வொன்றாய் எடுத்துக் கொள்ளலாம்.